ஹிட்லரின் கூடத்தில் பிக்காசோ

மியூனிக் நகருக்குச் சுற்றுலா போகிறவர்களில் பலர் ஹவுஸ் டெர் குன்ஸ்ட் கண்காட்சிக்கூடத்தின் வாசல்வரை வந்துவிடுகிறார்கள், உள்ளே போவதில்லை. கூடத்தை ஒட்டி ஓடும் ஐஸ்பாக் ஓடையில், பாலத்தடியில் எழும் அலைமீது இளைஞர்கள் பலகையேறிச் சறுக்குவது பல ஆண்டுகளாக அந்த ஊரின் பெயர்பெற்ற வேடிக்கை. அதைப் பார்க்கக் கூட்டம் கூடும், செல்பேசிகள் உயரும். பக்கத்திலேயே 175 மீட்டர் நீளத்துக்கு ஒரு கல்மாளிகை நிற்பதைப் பலர் கவனிப்பதே இல்லை. வேடிக்கை மட்டும் அதற்குக் காரணமில்லை. மாளிகைக்கும் சாலைக்கும் நடுவே ஒரு மர வரிசை நிற்கிறது. போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் வைத்தவை அந்த மரங்கள். நிழல் வேண்டி வைத்ததாக யாரும் சொல்வதில்லை. ஹிட்லர் ஆட்சி எழுப்பிய பிரம்மாண்டக் கட்டடங்களில் முதலாவது இதுதான். நாஜிகளின் கலைக்கோயிலாகக் கட்டப்பட்ட இடத்தில் இன்று சமகாலக் கலைக் கண்காட்சிகள் நடக்கின்றன. இப்படியொரு கட்டடத்தை ஒரு நகரம் என்ன செய்ய வேண்டும், அதைப் பார்க்கப் போகிறவர் எதைப் பார்க்க வேண்டும் என்ற கேள்விகள் ஜெர்மனியில் இன்னும் ஓயவில்லை. என் கருத்து இது: கட்டடமே அங்குள்ள முதல் காட்சிப்பொருள். அதை மறைப்பது தவறு. துடைத்துப் பளபளப்பாக்கிப் பழைய கோலத்துக்குக் கொண்டுவருவது அதைவிடத் தவறு. எல்லாக் காலமும் அதன்மீது விட்டுப்போன தழும்புகளோடு, அதைப் புழக்கத்திலேயே வைத்திருக்க வேண்டும்.

இந்தக் கட்டடம் ஒரு தீவிபத்தில் பிறந்தது. 1854இல் கட்டப்பட்ட மியூனிக்கின் பழைய கண்காட்சிக்கூடமான கண்ணாடி மாளிகை 1931 ஜூன் 6 அன்று எரிந்து சாம்பலானது. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட படைப்புகள் அதில் அழிந்தன. காஸ்பர் டேவிட் ஃபிரெட்ரிக் உள்ளிட்ட 19ஆம் நூற்றாண்டு ஓவியர்களின் சிறப்புக் கண்காட்சி ஒன்றும் அப்போது அங்கே நடந்துகொண்டிருந்தது. புதிய கூடத்துக்கு அடோல்ஃப் ஆபெல் என்ற கட்டடக் கலைஞர் திட்டம் வகுத்திருந்தார். 1933இல் ஆட்சியைப் பிடித்த ஹிட்லர் அதை ஓரங்கட்டிவிட்டு, தனக்குப் பிடித்த பவுல் லுட்விக் டிரோஸ்டிடம் வேலையைக் கொடுத்தார். அந்த ஆண்டு அக்டோபர் 15 அன்று அடிக்கல்லைத் தட்டியபோது ஹிட்லரின் கையிலிருந்த சுத்தியல் உடைந்தது. மூன்று மாதம் கழித்து டிரோஸ்ட் இறந்தார். சகுனம் பார்க்கிறவர்கள் இதற்கு மேலும் கேட்க மாட்டார்கள். அவருடைய மனைவி கெர்டி டிரோஸ்டும் லியோன்ஹார்ட் கால் என்பவரும் வேலையை முடித்தார்கள். பணம் பெருமளவு தொழிலதிபர்களின் நன்கொடையாக வந்தது. வெளியே பார்த்தால் பழங்காலக் கோயிலைப் போல வரிசையாகத் தூண்கள், சுண்ணாம்புக்கல் சுவர்கள். உள்ளே நிற்பது அன்றைய நவீன எஃகுச் சட்டகம். சாலைப் பக்கம் பார்க்கும் தூண்மண்டபத்தின் விதானத்தில் மொசைக் வேலைப்பாடு செய்திருக்கிறார்கள். அதன் கோலத்துக்குள் ஸ்வஸ்திகா வடிவங்கள் பின்னிக் கிடக்கின்றன. இன்றும் அவை அங்கேயே இருக்கின்றன. அவற்றுக்கு அடியில் நின்று நுழைவுச்சீட்டைத் தேடுகிறவர்களில் அண்ணாந்து பார்ப்பவர்கள் சிலரே.

இங்கே ஒரு மறுப்பு வரும், நியாயமான மறுப்புதான். தூண்வரிசை நாஜிகளின் கண்டுபிடிப்பில்லை. பெர்லினில் ஷிங்கெல் கட்டி 1830இல் திறக்கப்பட்ட பழைய அருங்காட்சியகம் இந்தக் கட்டடத்துக்கு முன்மாதிரி. வாஷிங்டனிலும் லண்டனிலும் அரசு அலுவலகங்களும் அருங்காட்சியகங்களும் இதே பாணியில் நிற்கின்றன. அவற்றை யாரும் பாசிசக் கட்டடங்கள் என்று சொல்வதில்லை. கல்லுக்கும் தூணுக்கும் அரசியல் உண்டா என்று கேட்பவர்களுக்கு நான் பாதிதான் மறுத்துச் சொல்ல முடியும். தூண் பாவம் செய்யவில்லை என்பது உண்மை. ஆனால் ஒரு கட்டடத்தின் பொருள் அதன் பாணியோடு முடிவதில்லை. அது எதற்காகத் திறக்கப்பட்டது, யாரை வெளியே நிறுத்தத் திறக்கப்பட்டது என்பதும் சேர்ந்ததுதான் அது. இந்த மாளிகையின் விஷயத்தில் அதற்கான சான்று அடுத்தடுத்த இரண்டு நாட்களில் கிடைக்கிறது.

1937 ஜூலை 18 அன்று ஹிட்லர் இந்தக் கூடத்தை 'மாபெரும் ஜெர்மன் கலைக் கண்காட்சி'யோடு திறந்துவைத்தார். நவீனக் கலையைத் துடைத்தெறியப் போர் தொடங்கிவிட்டதாக அந்த மேடையிலேயே அறிவித்தார். மறுநாள், சில நூறு மீட்டர் தள்ளி ஹோஃப்கார்ட்டன் தோட்டத்தின் ஓரத்திலிருந்த தொல்லியல் நிறுவனக் கட்டடத்தில், 'சீரழிந்த கலை' என்ற பெயரில் இன்னொரு கண்காட்சி தொடங்கியது. 32 அருங்காட்சியகங்களிலிருந்து பறித்துவந்த, 112 கலைஞர்களின் 650 அளவிலான படைப்புகளைக் குறுகிய அறைகளில் நெருக்கியடித்து மாட்டி, சுவரெங்கும் கேலி வாசகங்கள் எழுதிவைத்திருந்தார்கள். மக்களின் வரிப்பணம் இப்படித்தான் வீணானது என்று காட்ட, அருங்காட்சியகங்கள் கொடுத்த விலையையும் எழுதியிருந்தார்கள். கிர்ஷ்னர், பெக்மன், க்ளே, காண்டின்ஸ்கி, ஃபிரான்ஸ் மார்க் எல்லோரும் அங்கே இருந்தார்கள். 112 பேரில் யூதர்கள் 6 பேர் மட்டுமே. எமில் நோல்டே நாஜிக் கட்சி உறுப்பினர். அவருடைய படங்களும் தப்பவில்லை. எல்லாவற்றையும்விட வேடிக்கை ருடோல்ஃப் பெல்லிங்கின் கதை. அவர் செய்த குத்துச்சண்டை வீரர் ஷ்மெலிங்கின் சிலை புதிய மாளிகையில் கௌரவமாக நின்றது. அதே நேரத்தில் அவருடைய வேறு சிற்பங்கள் எதிர்க் கண்காட்சியில் இழிவுக்கு வைக்கப்பட்டிருந்தன. ஒரே ஆளின் கை ஓரிடத்தில் தூய்மையானது, கொஞ்ச தூரத்தில் சீரழிந்தது. ஹிட்லரின் உரையை வானொலியில் கேட்ட மாக்ஸ் பெக்மன் மறுநாளே ஜெர்மனியைவிட்டுக் கிளம்பி ஆம்ஸ்டர்டாம் போனார். அதன்பிறகு அவர் ஜெர்மன் மண்ணுக்குத் திரும்பவே இல்லை. நான்கே மாதத்தில் இருபது லட்சத்துக்கும் மேற்பட்டோர் 'சீரழிந்த கலை'யைப் பார்த்தார்கள். பளிங்கு மாளிகைக்கு வந்தவர்கள் அதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. இதைக் கலையின் வெற்றி என்று சிலர் ஆசையோடு எழுதுவதுண்டு. அவ்வளவு எளிதில் அப்படிச் சொல்ல முடியாது. எதிர்க் கண்காட்சிக்கு அனுமதி இலவசம். கேலி செய்யவே வந்தவர்கள் ஏராளம்.

இனி மாளிகைக்குள் என்ன இருந்தது என்று பார்க்க வேண்டும். கொடியும் சீருடையும் படையணியும் நிறைந்திருக்கும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். 1937 முதல் 1944 வரை ஆண்டுக்கொன்றாக எட்டுக் கண்காட்சிகள் நடந்தன; 12,000க்கும் மேற்பட்ட படைப்புகள் வைக்கப்பட்டன. அவற்றில் பெரும்பகுதி நிலக்காட்சிகள், உழவர் குடும்பங்கள், பசுமாடுகள் போன்ற மிருகங்கள், நிர்வாணப் பெண்கள், பூச்சாடிகள். நேரடி அரசியல் படங்கள் சிறுபான்மைதான். அத்தனையும் விற்பனைக்கு வைக்கப்பட்டவை. ஹிட்லரே ஆயிரத்துக்கும் மேற்பட்டவற்றை வாங்கினார். முதல் ஆண்டு நடுவர் குழுவின் தேர்வைப் பார்த்துக் கோபம் கொண்டு, தேர்வுப் பொறுப்பைத் தன் புகைப்படக்காரர் ஹைன்ரிக் ஹாஃப்மனிடம் ஒப்படைத்தார் என்பதிலிருந்தே அங்கு நிலவிய கலை ஞானத்தை ஊகிக்கலாம். நாஜிகளின் ஓவியத்துறைத் தலைவர் அடோல்ஃப் சீக்லர், அருங்காட்சியகங்களில் புகுந்து நவீன ஓவியங்களைப் பறித்த குழுவை நடத்தியவர். அவரே வரைந்த நான்கு நிர்வாணப் பெண்களின் படம் மாளிகைக்குள் தொங்கியது, பிறகு ஹிட்லரின் மியூனிக் அலுவலக மாளிகையில் கணப்படுப்புக்கு மேலே போய்ச் சேர்ந்தது. அந்தப் பசுமாட்டுப் படங்களைத் தனியே எடுத்துப் பார்த்தால் அவற்றில் குற்றம் எதுவும் தெரியாது. கொஞ்சம் அசட்டுத்தனம் தெரியலாம். அவற்றுக்கு வன்முறையின் பொருளைக் கொடுத்தது மாளிகைதான். உயரமான கதவும் செந்நிறப் பளிங்கும் மேலிருந்து இறங்கும் சீரான வெளிச்சமும் சேர்ந்து, 'இதுவே கலை, மற்றதெல்லாம் நோய்' என்ற தீர்ப்பை அந்தப் பசுமாடுகளின் வாயிலாகச் சொல்லின. ஆகவே இங்கே கட்டடத்தை விட்டுவிட்டு ஓவியத்தை மட்டும் பார்ப்பது பாதி பார்வைதான்.

அப்படியானால் இடித்துத் தள்ளியிருக்கலாமே என்பது அடுத்த கேள்வி. மியூனிக் அதையும் செய்து பார்த்த ஊர்தான். டிரோஸ்ட் வடிவமைத்த இன்னொரு படைப்பு கோனிக்ஸ்பிளாட்ஸ் சதுக்கத்திலிருந்த 'கௌரவக் கோயில்கள்'. 1923இல் ஹிட்லர் நடத்தித் தோற்ற கலகத்தில் செத்த நாஜிகளின் சவப்பெட்டிகளை வைத்து வழிபட்ட இடம் அது. 1947இல் அமெரிக்கர்கள் அவற்றை வெடிவைத்துத் தகர்த்தார்கள். சரியான முடிவு, வழிபாட்டைத் தவிர வேறு எந்த வேலைக்கும் உதவாத கட்டடம் அது. அதை ஒட்டியிருந்த ஹிட்லரின் அலுவலக மாளிகை இடிபடவில்லை. இன்று அங்கே மாணவர்கள் பியானோ பழகுகிறார்கள். கலைக்கூடம் மூன்றாவது வகை. போரில் அதிகச் சேதமில்லாமல் தப்பியது. அமெரிக்கப் படை அதிகாரிகள் தங்கள் கிளப்பாக்கிக்கொண்டார்கள். அறைத் தரையில் கூடைப்பந்து ஆட்டத்துக்குக் கோடு போட்டார்கள். ஹிட்லர் அணிவகுத்துவந்த பளிங்குத் தரைக்கு அதைவிடப் பொருத்தமான மரியாதை கிடைத்திருக்காது. 1946இலேயே மறுபடியும் ஓவியங்கள் மாட்டப்பட்டன. காண்டின்ஸ்கியும் மார்க்கும் தொடங்கிய 'நீலக் குதிரைவீரன்' குழுவின் கண்காட்சி 1949இல் இந்தக் கூடத்துக்குள் வந்தது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் கேலி வாசகங்களுக்கு நடுவே தொங்கிய கலைஞர்கள், அவர்களைத் துரத்தக் கட்டிய வீட்டின் முன்வாசல் வழியாகவே உள்ளே வந்தார்கள்.

1955இல் நடந்ததை இதைவிடவும் முக்கியமாகக் கருதுகிறேன். அந்த ஆண்டு பிக்காசோவின் பெரிய கண்காட்சி இங்கே நடந்தபோது 'கெர்னிகா' ஓவியமும் வந்தது. தேதிகளைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஸ்பெயினின் கெர்னிகா ஊர்மீது ஜெர்மன் விமானங்கள் குண்டு பொழிந்தது 1937 ஏப்ரல் 26. அதைக் கண்டித்து பிக்காசோ வரைந்த ஓவியத்தோடு பாரிஸ் உலகக் கண்காட்சியில் ஸ்பெயினின் அரங்கு திறந்தது ஜூலை 12. ஆறு நாள் கழித்து ஜூலை 18 அன்று மியூனிக்கில் இந்த மாளிகை திறந்தது. கெர்னிகாவை எரித்த அரசும் இந்தத் தூண்களை நட்ட அரசும் ஒன்று. இரண்டு வேலைக்கும் இடையே மூன்று மாதம்கூட இல்லை. பதினெட்டு ஆண்டு கழித்து அந்த ஓவியம் அதே சுவர்களுக்குள் வந்து மாட்டப்பட்டது. இதே ஓவியம் நியூயார்க்கிலும் தொங்கியது, இன்று மாட்ரிட்டில் தொங்குகிறது. எங்கே தொங்கினாலும் அதன் வலிமை குறைவதில்லை. ஆனால் மியூனிக்கில் சில வாரங்கள் அது சொன்னதை வேறு எந்தக் கூடத்திலும் சொல்லியிருக்க முடியாது. கட்டடம் இடிபட்டிருந்தால் அங்கேயும் சொல்லியிருக்க முடியாது. இடிக்காமல் விட்டதற்கு இந்த ஒரு கண்காட்சியே எனக்குப் போதுமான நியாயம்.

ஆனால் பயன்படுத்துவது என்பது மறப்பதற்கும் வசதியான வழி. போருக்குப் பிந்தைய பல பத்தாண்டுகளில் மியூனிக் அதைத்தான் செய்தது. வெளியே மரம், உள்ளே வெள்ளைத் தடுப்புச் சுவர்கள், கீழே இரவு விடுதி. பவேரிய மாநில அரசின் நவீனக் கலைத் தொகுப்பு 2002 வரை மேற்குச் சிறகில் குடியிருந்தது. வந்து போனவர்களுக்குக் கட்டடத்தின் கதையை யாரும் வற்புறுத்திச் சொல்லவில்லை. 2003இல் இயக்குநராக வந்த கிறிஸ் டெர்கான் பிற்காலத்தில் ஒட்டவைத்த தடுப்புகளை அகற்றத் தொடங்கினார். நிலவறைப் பதுங்குகுழி வீடியோ கலைக்கான இடமானது. நைஜீரியாவில் பிறந்த ஒக்வுய் என்வேசர் 2011இல் பொறுப்பேற்றபோது, இன மேன்மைக்காகக் கட்டிய கூடத்தின் சாவி ஓர் ஆப்பிரிக்கரின் கைக்கு வந்தது. மறு ஆண்டே இந்தக் கூடத்தின் சொந்த வரலாற்றைப் பற்றியே ஒரு கண்காட்சி நடந்தது. 2014இல் ஆவணக்கூடம் நிரந்தரமாகத் திறக்கப்பட்டது. 2016இல் 65 நாடுகளின் கலைஞர்களைத் திரட்டி, 1945க்குப் பிந்தைய இருபது ஆண்டுக் கலையை ஐரோப்பாவை மட்டும் மையமாக வைக்காமல் சொல்லிப் பார்த்தார் என்வேசர். அதற்கு முன்பே 2009இல் அய் வெய்வெய், சிசுவான் பூகம்பத்தில் பள்ளிக்கூடங்கள் இடிந்து இறந்த குழந்தைகளை நினைத்து, 9,000 புத்தகப் பைகளால் முகப்பு முழுவதையும் மூடி, மகளை இழந்த ஒரு தாயின் வாசகத்தை அதில் எழுதியிருந்தார். 2013இல் மெல் போக்னர் அதே முகப்பில் யித்திஷ் மொழிச் சொற்களை மஞ்சள் எழுத்தில் ஓடவிட்டார். மறைக்காமல், அதேநேரம் வணங்காமலும் ஒரு முகப்பை எப்படிக் கையாளலாம் என்பதற்கு இவையிரண்டும் பாடநூல் உதாரணங்கள்.

இந்தப் பின்னணியில்தான் கட்டடக் கலைஞர் டேவிட் சிப்பர்ஃபீல்டின் புதுப்பிப்புத் திட்டம் வந்தது. மரங்களை எடுத்துவிடலாம், 1970களின் தொடக்கத்தில் சாலைச் சுரங்கத்துக்காக அகற்றப்பட்ட அகலமான முன்படிக்கட்டை மறுபடி கட்டலாம், கட்டடம் வெட்கப்பட்டு ஒளிந்தது போதும் என்றது அது. எதிர்ப்பு கிளம்பியது, ஹிட்லரின் மேடையை ஹிட்லர் விரும்பியபடியே மீட்டுக் கொடுப்பதா என்று கேட்டார்கள். விவாதம் ஆண்டுக்கணக்கில் நீண்டது. மரங்கள் திரைதான் என்று சிப்பர்ஃபீல்ட் சொன்னதை நான் ஏற்கிறேன். படிக்கட்டு விஷயத்தில் அவர் சொன்னதை ஏற்க முடியவில்லை. அதற்கு எதிரான சான்று அவரிடமே இருக்கிறது. பெர்லினில் போரில் சிதைந்த நோயஸ் அருங்காட்சியகத்தை 2009இல் மீட்டுக் கொடுத்தவர் அவர்தான். எரிந்த சுவரையும் குண்டுத் தழும்பையும் பூசி மறைக்காமல் விட்டதற்காகத்தான் உலகம் அவரைக் கொண்டாடியது. அங்கே காயம் வரலாறு என்றால் இங்கேயும் அப்படித்தான். ஹிட்லர் ஏறிய படிகளைக் கார்களுக்காக ஒரு நகராட்சி அலட்சியமாக வெட்டி எறிந்தது அழகான செயலாக இல்லாமலிருக்கலாம். ஆனால் அந்த மாளிகைக்கு ஜனநாயகம் செய்த மிக நேர்மையான அவமரியாதை அதுதான். படிகள் திரும்பினால் கட்டடம் மீண்டும் பீடத்தில் ஏறும். வருகிறவர் மீண்டும் தலையை உயர்த்தி நடந்து வர வேண்டியிருக்கும்.

அப்படியென்றால் மரங்களும் போருக்குப் பிந்தைய வரலாற்றின் ஓர் அடுக்குதானே, அவற்றை மட்டும் ஏன் வேண்டாம் என்கிறீர்கள் என்று கேட்கலாம். என் வாதத்தின் வலுவற்ற இடம் இது என்பதை ஒப்புக்கொள்கிறேன். கோடரி எடுத்து வெட்டச் சொல்ல எனக்கும் மனமில்லை. வெயில் கூடிவரும் ஒரு நகரத்தில் பெருஞ்சாலை ஓரத்து மரம் மறைப்பதோடு மூச்சும் தருகிறது. ஆனால் மரத்துக்கு ஆயுள் உண்டு. பட்டுப்போகும் ஒவ்வொன்றின் இடத்திலும் இன்னொன்றை நடுவது, மறைக்க வேண்டும் என்ற பழைய முடிவைப் புதிதாக எடுப்பதாகும். அதை எடுக்காமல் இருந்தால் போதும். முகப்பு வெளிப்பட்டால் நாஜி அபிமானிகள் யாத்திரை வருவார்கள் என்ற அச்சம் எனக்குப் பெரிதாகத் தோன்றவில்லை. முகப்பின்மேல் யித்திஷ் எழுத்து ஓடிய, உள்ளே ஆப்பிரிக்கர் ஒருவர் பொறுப்பு வகித்த இடம் அவர்களுக்கு உவப்பானதல்ல. கலைஞர்களின் முறைப்பாடு இதைவிடக் கனமானது: எங்கள் படைப்பை இங்கே வைத்தால் எப்போதும் ஹிட்லருக்குப் பதில் சொல்லியே ஆக வேண்டுமா என்கிறார்கள். வேண்டியதில்லை. கட்டடத்தின் கதையை ஆவணக்கூடமும் விதானமும் சொல்லட்டும். கலைஞர் தன் வேலையைச் செய்யட்டும். ஒவ்வொரு கண்காட்சியையும் பரிகாரப் பூஜையாக மாற்றினால் கூடம் வேறொரு விதமான கோயிலாகிவிடும்.

ஐரோப்பியச் சுற்றுலா என்றால் நம்மவர்களுக்கு லூவ்ர், வாட்டிகன், ஈபிள் கோபுரம் என்று வரிசை தயாராக இருக்கிறது. மியூனிக் வழியாகப் போகிறவர்கள் அதில் இதையும் சேர்த்துக்கொள்ளலாம். சீட்டு வாங்கும் முன் தூண்மண்டபத்தில் நின்று விதானத்தைப் பாருங்கள். உள்ளே போனால் ஆவணக்கூடத்தைத் தவறவிட வேண்டாம். வெளியே வந்ததும் அப்படியே ஹோஃப்கார்ட்டன் வரை நடந்து போகலாம். பெக்மனையும் க்ளேயையும் இழிவு செய்ய மாட்டிவைத்த அறைகள் இருந்த அந்தக் கட்டடத்தில் இன்று நாடக அருங்காட்சியகமும் கலைச் சங்கம் ஒன்றின் காட்சிக்கூடமும் இருக்கின்றன; நடை பத்து நிமிடத்துக்கு மேல் ஆகாது.